கழுத்துல ஒரு நெல்லிக்காய்!

போன வாரம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டணுமா, வேணாமான்னு மொக்கை போட்டோம். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். 'ஆஸ்பத்திரி சமாசாரமா... பெருசுங்க படிக்கட்டும்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இது நம்ம வயசுப் பையன் ஒருத்தனோட கதை. என் ரூம்மேட். கோவில்பட்டிக்காரன். 'எழுதிக்கோ மச்சி. ஆனா பேரை மட்டும் போட்டே, கொன்னுருவேன்'னு கண்டிஷனோட பர்மிஷன் கொடுத்திருக்கான். அதனால அவனை 'நம்மாளு'ன்னே வெச்சுக்குவோம்.

நாலாவது செமஸ்டர். ஒரு நாள் ஷேவ் பண்ணும்போது நம்மாளு கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, 'டேய், இங்க ஒரு நெல்லிக்காய் இருக்குடா'ன்னான். ஹாஸ்டலே க்யூவுல வந்து தொட்டுப் பார்த்துச்சு. வலி இல்லை. 'சொத்தைப் பல்லா இருக்கும்', 'தலையணை சரியில்ல', 'காதல் கட்டி மச்சி'... ஆளாளுக்கு ஒரு டயக்னாஸிஸ். அப்புறம் சாயங்காலமானா லேசா காய்ச்சல். ராத்திரி வேர்த்து பனியன் நனையும். ரெண்டு மாசத்துல ஆறு கிலோ காலி. 'ஜிம்முக்குப் போகாமலே சிக்ஸ்பேக் வருதுடா'ன்னு ஓட்டினோம். நானும்தான் ஓட்டினேன். இப்ப நினைச்சா என்னையே அறையணும் போலிருக்கு.

ஒரு டாக்டர்கிட்டே போனான். கட்டியில ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தாங்க. ரிசல்ட் தெளிவா இல்லை. 'டி.பி.யா இருக்கலாம்'னு ஆறு மாசக் கோர்ஸ் எழுதிட்டாங்க. யூரின் ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு அவன் அலற, நாங்க ஃபேன்டான்னு சிரிக்க... (அந்த மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகுமாம்.) மூணு மாசம் ஒழுங்கா முழுங்கினான். நெல்லிக்காய் கரையலை. கூடப் பொறந்ததுங்க ரெண்டு வந்து சேர்ந்துச்சு.

அந்த டாக்டரைத் திட்டுறதுக்காக இதை எழுதலை. நம்ம ஊர்ல கழுத்துல நெறி கட்டி, காய்ச்சலும் இருந்தா முதல்ல டி.பி.யை நினைக்கிறது நியாயம்தான். அது அவ்வளவு சகஜம். காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையறதுன்னு ரெண்டுக்கும் ஒரே மாதிரி அறிகுறி வேற. தப்பு எங்கேன்னா, தெளிவில்லாத ரிசல்ட்டோட திருப்தியாகிட்டது. ஊசியில வர்றது கொஞ்சூண்டு செல்கள். செங்கல் ரெண்டைப் பார்த்துட்டு வீட்டோட பிளானைச் சொல்ற கதை. நெறிக்கட்டியை முழுசா எடுத்து பயாப்ஸி பண்ணினாத்தான் உள்ளே என்ன கட்டடம்னு தெரியும். வேற ஒரு சர்ஜன் அதைத்தான் பண்ணினார். ரிப்போர்ட் வந்துச்சு. 'கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்போமா.'

அதாவது நிணநீர் மண்டலத்துல வர்ற ரத்தப் புற்றுநோய். தாமஸ் ஹாட்ஜ்கின்னு ஒரு லண்டன் டாக்டர் 1832-லயே எழுதி வெச்ச நோய். மைக்ராஸ்கோப்புல ஆந்தை முழிக்கிற மாதிரி ரெட்டைக் கண்ணோட பெரிய செல் தெரியுமாம். நம்ம மேட்டர் என்னன்னா, இது வயசானவங்களை மட்டும் தேடிப் போற வியாதி இல்லை. காலேஜ் வயசுல வர்ற கேன்சர்கள்ல முக்கியமான ஒண்ணு. அதே சமயம், பெரும்பாலானவங்க முழுசா குணமாகுற கேன்சரும் இதுதான். சரியான ஆள்கிட்டே போகணும். அவ்ளோதான்.

அந்த 'சரியான ஆள்' யாருங்கிறதுலதான் ஆரம்பிச்சுது குழப்பம்.

நம்மாளோட அப்பா கடலை மிட்டாய் கம்பெனியில கணக்கு எழுதுறவர். ஹாஸ்டல் வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எய்யா, நீங்க இங்கிலீஷ் படிச்ச புள்ளைக. எந்தப் பெரிய டாக்டர்ட்ட போகணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க'ன்னார். எனக்கு சர்க்யூட் தியரியே ஒழுங்கா வராது. ஆனா அந்த நிமிஷம் 'எனக்குத் தெரியாதுப்பா'ன்னு சொல்ல வாய் வரலை. உங்களுக்கும் இந்த நிலைமை ஒரு நாள் வரலாம் பாஸ். வீட்ல யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா, ஃபைலைத் தூக்கிட்டு ஓடப்போறது 'படிச்ச புள்ளை'யான நீங்கதான்.

சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே ராத்திரியில ஒன்பது டாக்டர் பேர் வந்துச்சு. எல்லாரும் 'கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்'. உட்கார்ந்து ஒவ்வொருத்தர் பேருக்குப் பின்னாடியும் என்ன எழுத்து இருக்குன்னு பார்த்தேன். மூணு பேர் எம்.சி.ஹெச்., அதாவது கேன்சர் கட்டியை வெட்டி எடுக்கிற சர்ஜன்கள். ரெண்டு பேர் எம்.டி. ரேடியேஷன், கதிர் சிகிச்சை கொடுக்கிறவங்க. ஒருத்தர் எம்.டி. பேத்தாலஜி. லேப்ல ஸ்லைடு பார்க்கிறவர், கீமோ கொடுக்க மாட்டார். ஒருத்தருக்கு எழுத்தே இல்லை, மூலிகை! எல்லாரும் அவங்கவங்க வேலையில கில்லியா இருக்கலாம். ஆனா ஹாட்ஜ்கின்ங்கிறது பெரும்பாலும் மருந்தால குணப்படுத்துற நோய். வெட்டி எடுத்தா தீர்ந்துடும்கிற கதையே கிடையாது. மெக்கானிக்கல் புரொஃபஸர்கிட்டே ஜாவா டவுட் கேக்குற மாதிரிதான் ஆகியிருக்கும்.

நமக்கு வேண்டியவங்க ரெண்டே வகை. ஒண்ணு, டி.எம். கிளினிக்கல் ஹெமட்டாலஜி. ரத்தம் சம்பந்தப்பட்ட எல்லாமே இவங்க ஏரியா. லுக்கீமியா, லிம்போமா, மைலோமாங்கிற கேன்சர்கள் மட்டுமில்லாம, தலசீமியா, ஹீமோஃபீலியா, பிளேட்லெட் குறையற ஐ.டி.பி., மஜ்ஜை வேலை நிறுத்தம் பண்ற அப்ளாஸ்டிக் அனீமியா மாதிரி கேன்சர் இல்லாத ரத்த நோய்களும். ரெண்டாவது, டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி. மார்பகம், நுரையீரல்னு உடம்புல எங்கே கேன்சர் வந்தாலும் மருந்து சிகிச்சை கொடுக்கிறவங்க. ரத்தப் புற்றுநோய் இந்த ரெண்டு பேருக்கும் பொதுவான ஏரியா. டி.எம். இருக்கிற இடத்துல டி.ஆர்.என்.பி.ன்னு இருந்தாலும் அதே லெவல் படிப்புதான். அமெரிக்காவுல ரெண்டையும் ஒரே கோர்ஸா சேர்த்தே நிறைய பேர் படிக்கிறாங்க. நம்ம ஊர்ல தனித்தனி. அதனால பிளேட்லெட் பிரச்னைக்கு 'கேன்சர் டாக்டர்ட்ட போகச் சொல்றாங்களே'ன்னு பயந்து அழற ஆள் இருந்தா, ஹெமட்டாலஜிஸ்ட்னா கேன்சர் டாக்டர் மட்டும் இல்லைன்னு சொல்லுங்க. சின்னக் குழந்தைன்னா குழந்தைகளுக்கான ரத்த-புற்றுநோய் டாக்டர்னு தனியா இருக்காங்க.

எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், எம்.டி. மூணு, டி.எம். மூணு. மொத்தம் பதினொன்றரை வருஷப் படிப்பு! நாலு வருஷத்துக்கே நமக்கு நாக்கு தள்ளுது.

போர்டுல போட்டிருக்கிறது நிஜமா, டுபாக்கூரான்னு எப்படித் தெரியும்? டாக்டர்களுக்கான 2002-ஆம் வருஷ நடத்தை விதிகள்ல, பிரிஸ்கிருப்ஷன்ல பதிவு எண் இருக்கணும், உரிய படிப்பு இல்லாம ஸ்பெஷலிஸ்ட்னு சொல்லிக்கக் கூடாதுன்னு ரெண்டுமே இருக்கு. அந்த எண்ணை வெச்சு தேசிய மருத்துவ ஆணையத்தோட பதிவேட்டுல தேடினா பேரும் படிப்பும் வரும். அஞ்சு நிமிஷ வேலை. சேலை எடுக்க அஞ்சு கடை ஏறி இறங்குற நம்ம ஜனம் இதை மட்டும் செய்யாது. இன்னொண்ணு தெரியுமா? அதே விதிகள்படி, நீங்க கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள மெடிக்கல் ரெக்கார்டைக் கொடுத்தாகணும். கெஞ்ச வேண்டியதில்லை.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. நான் அதை யதேச்சையாத்தான் கேட்டேன். பயாப்ஸி பண்ணின சர்ஜன்கிட்டே, 'சார், டாக்டரைத் தேட எங்களுக்கு எத்தனை நாள் டைம் இருக்கு?'ன்னேன். சிரிச்சுட்டு, 'நல்ல கேள்வி தம்பி. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிரணும். இன்னிக்கு ராத்திரியே பஸ் ஏற வேண்டியதில்லை'ன்னார். அந்த ஒரு வரியில எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு.

எல்லாருக்கும் இந்த டைம் கிடைக்காது. அக்யூட் லுக்கீமியான்னு சந்தேகம் வந்தா... அதாவது ரத்தப் பரிசோதனையில 'பிளாஸ்ட்'னு ஒரு வார்த்தை இருந்தா, பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போய் ஈறுல, மூக்குல ரத்தம் வந்தா, டாக்டரைப் பத்தி விசாரிச்சுக்கிட்டு உட்காரக் கூடாது. அன்னிக்கே, ஹெமட்டாலஜி அல்லது மெடிக்கல் ஆன்காலஜி இருக்கிற பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அதுல ஏ.பி.எல்.னு ஒரு வகை இருக்கு. மூளையில ரத்தக் கசிவு வந்து சில நாள்லயே ஆளைக் கொண்டு போயிடும். ஆனா உடனே மருந்து ஆரம்பிச்சா குணமாக ரொம்ப நல்ல வாய்ப்புள்ள லுக்கீமியாவும் அதுவேதான். அங்கே 'பெஸ்ட் டாக்டர்'னா, இன்னிக்கே அட்மிட் பண்ணி மருந்தை ஆரம்பிக்கிறவர்தான். இதுக்கு நேர் எதிர் சி.எம்.எல்.ங்கிற லுக்கீமியா. பெரும்பாலும் தினம் மாத்திரை, வருஷக் கணக்குல வாழ்க்கை. அதுல டாக்டரை நிதானமா தேர்ந்தெடுக்கலாம். ஆனா பல வருஷம் கூட வரப்போறவரா பார்க்கணும்.

சரி, நம்மாளு கதைக்கு வருவோம். குரூப்ல அதிக ஓட்டு வாங்கின சென்னை டாக்டர்கிட்டேதான் முதல்ல போனோம். படிப்பு, பேரு, எல்லாம் பக்கா. சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாங்க. நாலு நிமிஷம். ஃபைலைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். நம்மாளு மூஞ்சியை மட்டும் பார்க்கலை. 'நாளைக்கே ஆரம்பிச்சுடலாம். வெளியில பேக்கேஜ் சொல்வாங்க.' அப்பா ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதுக்குள்ள அடுத்த டோக்கன் உள்ளே வந்துடுச்சு. நெல்லை எக்ஸ்பிரஸ்ல திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். 'பெரிய டாக்டர்னா அப்படித்தான் இருப்பாக போல...'

எனக்கு மண்டைக்குள்ள வேற கணக்கு ஓடிச்சு. ரிப்போர்ட் வந்ததுலேருந்து இந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு படிச்சிருந்தேன். ஏ.பி.வி.டி.ன்னு நாலு மருந்து. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாள் ஏத்திட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. முழு கோர்ஸ்னா பன்னிரண்டு தடவை, ஆறு மாசம். கோவில்பட்டி-சென்னை பன்னிரண்டு தடவை போக வர ட்ரெயின், கூட ஒருத்தர், தங்க ரூம், அப்பாவுக்கு சம்பளம் கட். அதெல்லாம்கூட விடுங்க. கீமோ போட்டவனுக்கு வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரத்துல காய்ச்சல் வந்தா அது எமர்ஜென்ஸி. நட்ட நடு ராத்திரி காய்ச்சல் அடிச்சா நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்க முடியுமா?

அப்பதான் தெளிவாச்சு. நோய் என்னன்னு முடிவு பண்றதுக்கு எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம். மருந்து ஏத்திக்கிறதுக்குப் பக்கத்துல ஆள் வேணும். ரெண்டும் ஒரே இடமா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

மதுரையில ஒரு மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட். கோவில்பட்டியிலேருந்து பஸ்ல ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். வாட்ஸ்அப் லிஸ்ட்ல ஒருத்தர்கூட அந்த மேடம் பேரைச் சொல்லலை, சர்ஜன்தான் எழுதிக் கொடுத்தார். உள்ளே போனதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, 'பிளாக் கொண்டு வந்தீங்களா?'

திருதிருன்னு முழிச்சோம். பயாப்ஸியில எடுத்த சதையை மெழுகுல பதிச்சு ஒரு குட்டிக் கட்டியா வெச்சிருப்பாங்களாம். தீப்பெட்டியைவிடச் சின்னது. அதுதான் பிளாக். ரிப்போர்ட்ங்கிறது ஒருத்தர் பார்த்து எழுதின கருத்து. பிளாக்தான் ஒரிஜினல் வினாத்தாள். அதை லேப்ல கேட்டு வாங்கி, லிம்போமாவே வேலையா பார்க்கிற வேற ஒரு பேத்தாலஜிஸ்ட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க. 'என் சிகிச்சை மொத்தமும் அந்த ரிப்போர்ட் மேலதான் நிக்குது. அது சரியான்னு பார்க்காம நான் ஊசி போட மாட்டேன்'னாங்க. கவனிச்சீங்களா? செகண்ட் ஒபினியனுக்கு பேஷன்ட் ஊர் ஊரா அலைய வேண்டியதில்லை. கூரியர்ல பிளாக் போனாப் போதும்.

நான் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, 'மேடம், நாங்க இன்னொரு டாக்டர்கிட்டேயும் கேக்கலாமா?'ன்னேன். கோவம் வரும்னு நினைச்சேன். 'தாராளமா. கேட்டுட்டு அவர் என்ன சொன்னார்னு எனக்கும் சொல்லுங்க'ன்னுட்டு எல்லா ரிப்போர்ட்டுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாங்க. வருஷத்துக்கு இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்க்குறீங்கன்னும் கேட்டேன். பதில் சொன்னாங்க. முறைக்கலை.

அப்புறம் அப்பாவைப் பார்த்து, 'ஐயா, கீழே டீ நல்லா இருக்கும். ஒரு டீ குடிச்சுட்டு வாங்க'ன்னு அனுப்பினாங்க. நானும் எழுந்தேன். 'இருக்கட்டும்'னு நம்மாளு என் சட்டையைப் பிடிச்சு உட்கார வெச்சான். 'தம்பி, உனக்கு வயசு இருபது. நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வரும். இந்த மருந்துகள்ல அந்தப் பாதிப்பு கம்மிதான். ஆனா ஒருவேளை நோய் திரும்பி வந்து வேற மருந்து கொடுக்க வேண்டியிருந்தா அப்படிச் சொல்ல முடியாது. அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விந்தணுவை சேமிச்சு வெச்சுக்கலாம். யோசிச்சுச் சொல்லு'ன்னாங்க. சாதாரணமா, பல்லு விளக்கினியான்னு கேக்குற குரல்ல.

நம்மாளுக்குக் காதெல்லாம் சிவந்து போச்சு. வெளியே வந்து பத்து நிமிஷம் பேசலை. அப்புறம் சொன்னான். 'மச்சி, அந்தம்மா நான் சாகப் போறவன்னு நினைக்கல. கல்யாணம் பண்ணப் போறவன்னு நினைக்குறாங்கடா.'

டாக்டரை முடிவு பண்ணினது அந்த இடத்துலதான். பொண்ணுங்களுக்கும் இதே மாதிரி கருமுட்டை விஷயம் இருக்கு. கீமோ ஆரம்பிச்ச பிறகு கேட்டா லேட். டாக்டர் மறந்தாலும் நீங்க கேளுங்க. வெட்கப்படாதீங்க ப்ளீஸ்.

பிளாக் ரிசல்ட் அதே ஹாட்ஜ்கின்னு உறுதியாச்சு. பெட் ஸ்கேன் பார்த்து எத்தனாவது ஸ்டேஜ்னு முடிவு பண்ணினாங்க. ஒரு மருந்து இதயத்தையும், இன்னொண்ணு நுரையீரலையும் பதம் பார்க்கும்கிறதால எக்கோவும், ஊதிப் பார்க்கிற டெஸ்ட்டும் எடுத்த பிறகுதான் முதல் ஊசி. நாலு ஊசி முடிஞ்சதும் மறுபடி பெட் ஸ்கேன். கிளீன்! நுரையீரலைத் தாக்குற அந்த மருந்தை அதோட நிறுத்திட்டாங்க. அன்னிக்கு அவங்க அம்மா மதுரை மீனாட்சிக்கும் நேர்ந்துக்கிட்டாங்க, மேடத்துக்கும் ஒரு கிலோ கடலை மிட்டாய் கொடுத்தாங்க.

காசு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருந்தா மட்டும் போதாது, அந்த சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்கான்னு முதல்லயே கேட்டுடணும். அட்மிட் ஆன பிறகு கேட்டு பல்பு வாங்கினவங்களை வராண்டாவுல நிறைய பார்த்தேன். அரசு இடங்களையும் அசால்ட்டா ஒதுக்காதீங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில ஹெமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தங்கச்சியை கேன்சருக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட முயற்சியால 1954-ல ஆரம்பிச்சது. காசில்லாதவனைத் திருப்பி அனுப்பக் கூடாதுங்கிறதுதான் அதோட அடிப்படையே. மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படுதுன்னா மட்டும் பக்கத்து ஊர்க் கணக்கு செல்லாது. அதை வழக்கமா செய்ற இடத்துக்குத்தான் போகணும். வேலூர் சி.எம்.சி.யில 1986-லேருந்தே செய்றாங்க.

நம்மாளுக்கு இப்போ பன்னிரண்டும் முடிஞ்சாச்சு. முடி சுருள் சுருளா முளைச்சு, ஹாஸ்டல்ல 'சாய்பாபா'ன்னு பட்டப்பேரே வந்துடுச்சு. நாலு அரியர். மூணு மாசத்துக்கு ஒரு செக்கப். அடுத்தது வர்ற வெள்ளிக்கிழமை. அன்னிக்குத்தான் எங்களுக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இன்டர்னல். அவனுக்கு மெடிக்கல் லீவ் உண்டு. கூடப் போற எனக்கு எந்தக் கணக்குல ஓ.டி. கேக்குறதுன்னுதான் ரெண்டு பேரும் நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சுக்கிட்டிருந்தோம்.